மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றிய நாட்கள்

கோயம்புத்தூருக்கு மேற்கே, மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் அருவிகள் வெள்ளை வெள்ளைக் கோடுகளாகத் தெரிகிற தூரத்தில், வெள்ளிமலை நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. அங்கே பல் டாக்டர் பூங்கோதை வீட்டு நீச்சல் குளத்தின் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கிய நாள்முதல், அந்தக் குளத்துத் தண்ணீர் தன்மேல் விழுந்த யாரையும் உள்ளே விடாமல் மேலேயே வைத்துத் தாங்கிக்கொண்டது. ஏன் அப்படி என்று அந்த நகரில் யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டவர்களும் தலையணை கொண்டுவரலாமா, சாப்பிட்ட உடனே படுக்கலாமா என்றுதான் கேட்டார்கள்.

பூங்கோதை பயந்த சுபாவம். கேஸை மூடிவிட்டு வாசல்வரை போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து மறுபடியும் கேஸைப் பார்ப்பவள். யாருக்காவது பல்லைப் பிடுங்கினால் அவர் வீடு போய்ச் சேர்ந்தாரா, ரத்தம் நின்றதா என்று போன் போட்டுக் கேட்பவள். அவள் புருஷன் தனபாலன் நூல் வியாபாரி. சூரத், இச்சல்கரஞ்சி என்று மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பான். சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்று பின்கட்டில் நீச்சல் குளம் கட்டி, கிரகப்பிரவேசத்தன்று ஒரு முறை முங்கி எழுந்தவன், அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. குளமும் அதன் பம்பும் ஃபில்டரும் குளோரின் வாளியும் பூங்கோதையின் தலையில் விழுந்தன. அவளுக்கோ நீச்சல் தெரியாது. கழுத்தளவு தண்ணீரை நினைத்தாலே மூச்சு முட்டும்.

பிறகு மாமனார் ராக்கியண்ணன் வந்து சேர்ந்தார். சோமனூரில் விசைத்தறிப் பட்டறை வைத்திருந்தவர், அந்தத் தடதடப்புக்கு நடுவிலேயே பாவு நூல் மூட்டையில் சாய்ந்து ஆயுசு முழுக்கத் தூங்கியவர். தறியை விற்றதும் தூக்கம் போயிற்று. தூக்கத்தின் பின்னாலேயே ஞாபகமும் ஒவ்வொன்றாகப் போயிற்று. மகன் பேர் போனது, ஊர் பேர் போனது. விரல்கள் மட்டும் மறக்கவில்லை. காற்றில் அறுந்துபோன நூலை எடுத்து எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, கூடத்திலிருந்து சமையல்கட்டுக்கும் சமையல்கட்டிலிருந்து பின்கட்டுக்கும் ஓயாமல் நடந்துகொண்டிருந்தார்.

அந்தப் பின்கட்டில்தான் குளம் இருந்தது.

தண்ணீரை இறைத்துவிட்டு காலியாக வைத்தால் என்ன என்று பூங்கோதை கேட்காமல் இல்லை. பக்கத்தில் ஏரி இருப்பதால் மண்ணுக்கடியில் ஊற்று அதிகம், குளத்தைக் காலியாக விட்டால் அடியிலிருந்து நீர் முட்டித் தொட்டியையே தூக்கி உடைத்துவிடும் என்று கட்டிய மேஸ்திரி சொல்லியிருந்தார். பம்ப் ரிப்பேருக்குக் கூப்பிட்டால், வருகிறேன் என்று சொன்னவர்கள் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பம்பைக் கழற்றினாள். யூடியூபில் ஒருவர் மோட்டாரைப் பிரிப்பதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பல்லிடுக்கில் காரை எடுக்கிற ஊசியால் சீலுக்குள் சிக்கியிருந்த முடியையும் மணலையும் சுரண்டி எடுத்து, திரும்ப மாட்டி ஓடவிட்டபோது, அவளுக்குள் இருந்த பயம் ஒரு படி இறங்கி உட்கார்ந்தது. அதனால் விடாமல் செய்தாள். நீர்மட்டம் குறைந்தால் தானே திறந்துகொள்ளும் வால்வு, தானே சாத்திக்கொள்ளும் கதவு, காலை ஒன்பதுக்கு மோட்டாரைப் போட்டு மாலை நான்குக்கு நிறுத்தும் டைமர், தண்ணீரில் எது விழுந்தாலும் அவள் போனில் அலறும் ஒரு சென்சார் என்று, பயம் தோன்றத் தோன்ற ஒவ்வொன்றாக மாட்டினாள். டைமர் ஒருநாள் கருகியது. புதிதாக ஒன்றை வாங்கி வந்து வயர்களைப் பிரித்து மாட்டும்போது மூன்று பேஸ் வயர்களில் இரண்டு இடம் மாறிப்போயின. மோட்டார், தன் முதுகில் வரைந்திருந்த அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் சுற்றியது. அவள் கவனிக்கவில்லை.

அன்று முற்பகலில் கிளினிக்கில் ஒருவரின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தபோது போன் அலறியது. அவர் வாய்க்குள் வைத்த பஞ்சு அப்படியே இருக்க, பூங்கோதை கையுறையைக் கழற்றாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள். பின்கட்டுக் கதவு, தானே சாத்திக்கொள்ள வேண்டிய கதவு, ஒரு செருப்பு இடையில் மாட்டித் திறந்திருந்தது. ராக்கியண்ணன் குளத்தின் நட்டநடுவில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே மடித்து வைத்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வேட்டி நனையவில்லை. அவருக்குக் கீழே தண்ணீர், நல்ல இலவம்பஞ்சு மெத்தை பதிகிற அளவுக்குப் பதிந்து, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. விளிம்பில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்து அழுத்தினாள். தண்ணீர் கையைத் திருப்பித் தள்ளியது. எழுப்பலாமா கூடாதா என்று மாறி மாறி யோசித்தபடி அங்கேயே இருந்தாள். மூன்று மணி சுமாருக்கு அவர் எழுந்து, தண்ணீரின்மேல் தள்ளாடி நடந்து கரைக்கு வந்து, “அம்மிணி, காப்பி வெக்கிறயா?” என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் கண் தெளிந்திருந்தது.

காப்பி கொடுத்த கையோடு அவள் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து தண்ணீரில் வைத்தாள். குழவி நின்றது. மோட்டாரை நிறுத்தினாள். குழவி சற்று யோசிப்பதுபோல நின்றுவிட்டு, களுக்கென்று அடிக்குப் போய்விட்டது. அப்போதுதான் டார்ச் அடித்து மோட்டாரின் வாலில் இருந்த விசிறியைப் பார்த்தாள், அம்புக்குறியையும் பார்த்தாள். புரிந்தது. புரிந்த அன்றிலிருந்து அவள் தூக்கம் போயிற்று.

“ஒரே கொளம், ஒரே மோட்டாரு. அது நிக்கிறப்ப மாமா தண்ணி மேல இருந்தா என்னங்க ஆகும்?” என்று சூரத்துக்குப் போன் செய்து கேட்டாள்.

“அப்பா தூங்குறாரா இல்லையா?” என்றான் தனபாலன்.

“தூங்குறாருங்க.”

“அப்புறம் என்ன பூவு? தூங்கட்டும் விடு.”

பக்கத்து வீட்டு மேகலா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தவள். ஆறு மாத வயிறு அவளுக்கு. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஒருக்களித்தால் இடுப்பு போகிறது, குப்புறப் படுத்துத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமாங்கக்கா என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் மத்தியானம் வந்து குப்புறப் படுத்துவிட்டாள். தண்ணீர் அவள் வயிற்றுக்கு மட்டும் ஒரு குழி விட்டுக் கொடுத்து மற்றதையெல்லாம் தாங்கியது. அவள் எழுந்து போய் மாமியாரிடம் சொன்னாள். மாமியார் பஜனைக் குழுவில் சொன்னாள். அந்த வாரமே முதுகுத்தண்டு தேய்ந்தவர்களும், ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த மில்காரர்களும், கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளும், மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெறும் வீட்டில் புரண்டுகொண்டிருந்த ஒரு தாயும் பாயோடும் தலையணையோடும் வந்து பின்கட்டு வாசலில் நின்றார்கள்.

வெள்ளிமலை நகர் அதற்கேற்ப வளைந்துகொண்டது. காய்கறி வண்டிக்காரர் முற்பகலில் கூவுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் விரல் நுனியால் தட்டிப் போனார். கல்யாணப் பேச்சில் பெண் எங்கே இருக்கிறாள் என்றால், “குளத்துத் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளிங்க” என்று பெருமையாகச் சொன்னார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் நஞ்சப்பன் முறை வகுத்தார்: கொலுசு, கைக்கடிகாரம், போன் எல்லாம் வாசலில், குறட்டைக்காரர்கள் ஆழமான பக்கத்தில், கர்ப்பிணிகளும் வயசானவர்களும் படிக்கட்டுப் பக்கத்தில், ராக்கியண்ணனுக்கு மட்டும் எந்த முறையும் கிடையாது, அவர் விரும்பிய இடத்தில். நஞ்சப்பன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடம்பு மொத்தமும் சர்க்கரை. தூக்கமில்லாமல் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தவர், இப்போது காலையில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தார். சண்டைகள் குறைந்தன. குப்பையை அடுத்தவன் வாசலில் தள்ளுகிற பழக்கம்கூட நின்றுபோயிற்று. பூங்கோதைக்குத் தயிரும் முருங்கைக்கீரையும் கை முறுக்கும் வந்து குவிந்தன.

அவள் கிளினிக்கைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டு, ஒன்பதிலிருந்து நான்கு வரை மோட்டார் அறைக் கதவருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே மோட்டார் உறுமியது. வெளியே தண்ணீரில் ஊரே மிதந்தது. விளக்கு ஒரு தடவை மங்கினால் ஸ்டூலை விட்டு எழுந்துவிடுவாள். நூலில் கட்டித் தொங்கவிட்ட பாத்திரக் கடையைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் அந்தப் பயத்துக்கும் ஒரு கருவி செய்தாள். வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் எடுத்து, மின்சாரம் போன மறுநொடி அது தானே கிளம்பி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற மாதிரி ரிலேக்களைக் கோத்து, பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே. குளத்தில் ஆள் இருக்கும்போது மோட்டாரை நிறுத்த முடியாது. ஆள் இல்லாத நேரம் அந்தக் குளத்துக்கு இல்லை.

நான்கு மணிக்கு மேல் பார்த்தால் என்ன என்று கேட்டால், நான்கு மணிக்கு மேலும் ஆள் இருந்தார்கள். கோரிக்கை மேல் கோரிக்கையாக வந்து டைமரைத் தள்ளித் தள்ளி வைத்ததில், இருட்டுகிற வரைக்கும் மோட்டார் ஓடியது. அவள் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது, யாராவது ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதுதான் கரையேறுவார்கள். அதற்குமேல் அவளுக்குக் கையைத் தூக்கத் தெம்பிருக்காது. விடிந்தால் மறுபடியும் பாயோடு ஆட்கள் வந்து நிற்பார்கள்.

“அண்ணா, ஒரு அரை நாள் எல்லாரும் வராம இருந்தீங்கன்னா போதும்ங்க. ஒரு தடவை ஜெனரேட்டர்ல ஓட்டிப் பாத்துக்கறேன்” என்று நஞ்சப்பனிடம் கேட்டாள்.

“இன்னைக்கு என்னால ஆகாதுங்க டாக்டர். நேத்து சரியாவே தூங்கல. நாளைக்கு வெச்சுக்கலாம்.”

“நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க.”

“நான் லைன்ல முப்பது வருசம் வேலை பாத்தவனுங்க. இந்த ஏரியாவுல கரண்டு போறதே இல்ல. நீங்க சும்மா பயந்துக்கறீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்க மாமாவ எழுப்பி வெளிய உட்கார வெச்சுருவீங்களா, சொல்லுங்க பாக்கலாம்?”

அவள் மனசுக்குள்ளும் அதே நாளைதான் இருந்தது. ராக்கியண்ணன் தூங்கும்போது விரல்கள் அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்தபிறகு எழுப்ப மனசு வராது.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லார் வீட்டிலும் கறிச்சோறு. உண்ட மயக்கத்தில் குளம் நிரம்பி, இடமில்லாமல் ஒருவர் காலில் இன்னொருவர் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். தெருமுனை டிரான்ஸ்பார்மர் மேல் மயில் ஒன்று பறந்து வந்து உட்கார்ந்து தோகையைத் தாழ விட்டது. பட்டென்று ஒரு சத்தம். மோட்டாரின் உறுமல் தணிந்து, முனகலாகி, நின்றது.

பூங்கோதை எழுந்து நின்றாள். தண்ணீர் உடனே விட்டுவிடவில்லை. காற்று இறங்குகிற மெத்தை மாதிரி நிதானமாகத் தளர்ந்தது. படுத்திருந்தவர்களின் காதோரம் ஈரம் ஏறியது. யாரோ தூக்கத்தில் சிணுங்கினார்கள். “எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க!” என்று அவள் கத்த வாய் திறந்த நேரத்தில், அவள் செய்த பெட்டிக்குள் ரிலேக்கள் டக் டக்கென்று தட்டின, ஜெனரேட்டர் இருமிக் கிளம்பியது, மோட்டார் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது. ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. அப்பாடா என்று அவள் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தவள் கண்ணில் மோட்டாரின் விசிறி பட்டது. ஜெனரேட்டரின் மூன்று வயர்களும் வேறு வரிசையில் வந்திருந்தன. விசிறி அம்புக்குறியின் திசையில், முறைப்படி, நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

குளம் மொத்தமாக வாய் திறந்தது.

தலையணைகள் முதலில் மேலே வந்தன. பிறகு கைகள். படிக்கட்டுப் பக்கம் இருந்தவர்கள் காலூன்றி எழுந்து நின்றார்கள். மேகலா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்து நின்றாள். ஆழமான பக்கத்தில் குறட்டைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கத்தினார்கள். நஞ்சப்பன் ஒரு தடவை மேலே வந்து, வாய் நிறையத் தண்ணீரோடு கீழே போய், ஒரு மில்காரரின் கையில் முடி சிக்கி மறுபடியும் மேலே வந்தார். ராக்கியண்ணன் வரவே இல்லை.

பூங்கோதை குதித்தாள். குதித்த பிறகுதான் தனக்கு நீந்தத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அடியில் பச்சையாக ஓர் அமைதி. கிழவர் தரையில் உட்கார்ந்திருந்தார், கண்ணைத் திறந்தபடி, வாயிலிருந்து குமிழ் குமிழாகப் போக, விரல்களால் அந்தக் குமிழ்களைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு. அவள் அவர் இடுப்புக்குக் கீழே தலையைக் கொடுத்து, அடித்தரையில் காலை உதைத்து மேலே தள்ளினாள். மேலிருந்து யார் யாருடைய கைகளோ அவரை வாங்கிக்கொண்டன. பிறகு அவளையும் வாங்கிக்கொண்டன.

யாரும் சாகவில்லை. ஒருவருக்கு மணிக்கட்டு பிசகியது, பலருக்குக் காதில் தண்ணீர், நஞ்சப்பனுக்கு மூன்று நாள் காய்ச்சல். ஆனால் நனைந்த பாய்களைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “கொல்லப் பாத்தயே அம்மா” என்று மட்டும் ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் தயிர் வரவில்லை.

அவள் வயர்களை மறுபடியும் மாற்றி மாட்டினாள். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. குழவியை வைத்தாள், குழவி அடிக்குப் போயிற்று. ஒரு வயரை மாற்றி, இன்னொரு வயரை மாற்றி, கருகிய பழைய டைமரைக்கூடத் தேடி எடுத்து மாட்டிப் பார்த்தாள். தண்ணீர் அன்றோடு வெறும் தண்ணீராகிவிட்டது.

ஊர் மறுபடியும் விழித்துக்கொண்டது. ஒரு குப்பைக்கூடைக்காக இரண்டு வீட்டார் போலீஸ் ஸ்டேஷன் வரை போனார்கள். குளத்தை மண் போட்டு மூட வேண்டும் என்று சங்கத்தில் ஒரு பேச்சு எழுந்தது. எல்லாரையும்விட ராக்கியண்ணன்தான் உருக்குலைந்தார். நடந்தார், நடந்தார், சாப்பிட உட்கார வைத்தால் தட்டைச் சுற்றி நடந்தார். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கின. “அம்மிணி, நூலு அறுந்துபோச்சு பாரு, தறிய நிறுத்து, நிறுத்து” என்று மன்றாடினார். ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை அவரைத் தூங்க வைக்கவில்லை. நடக்கும்போது விழ வைத்தது.

இரண்டாவது தடவை விழுந்து நெற்றியில் காயம்பட்ட அன்று மத்தியானம், பூங்கோதை பஞ்சு வைத்து நெற்றியைத் துடைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். சென்சாரை அணைத்தாள். மோட்டார் ஓடவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. மூச்சு முட்டியது, முட்டட்டும் என்று நின்றாள்.

“குளுருது அம்மிணி.”

“இப்பப் பழகிருமுங்க மாமா. தலைய என் கையில சாய்ங்க. நான் புடிச்சிருக்கறேன்.”

அவர் விறைத்துக்கொண்டு படுத்தார். கால் தாழ்ந்தது, அவள் ஒரு கையைக் கழுத்துக்குக் கீழும் இன்னொன்றை இடுப்புக்குக் கீழும் கொடுத்தாள். எலும்பும் தோலுமாக அவர் கனமே இல்லாமல் இருந்தார். பாரத்தில் முக்கால்வாசியைத் தண்ணீர் வாங்கிக்கொண்டது. மீதி மட்டும் அவள் கையில் இருந்தது. வானத்தைப் பார்த்தபடி அவர் விரல்கள் வெகுநேரம் முடிச்சுப் போட்டன. அப்புறம் ஒரு விரல் நின்றது. அப்புறம் இன்னொன்று. வாய் லேசாகத் திறந்து, குறட்டை வந்தது.

வீட்டுக்குள் போன் அடித்து ஓய்ந்தது. கேஸை மூடினோமா என்று ஓர் எண்ணம் வந்தது. வாசல் கதவு தாழ் போட்டோமா என்று இன்னொன்று வந்தது. போய்ப் பார்க்கக் கை காலியாக இல்லை. வந்த எண்ணங்கள் வந்த வழியே போயின. வெயில் சுவரில் ஏறிக்கொண்டே போனது. அவள் தோள் மரத்துப்போய், உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது.

“அக்கா!” சுவருக்கு மேலே மேகலாவின் முகம். “மத்தியானம் துணி காயப்போடறப்பவே பாத்தேனே, இன்னும் நிக்கறீங்க? ஐயோ, இந்த வயித்த வெச்சுட்டு நான் எப்படி இறங்குவேன்…” முகம் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்கட்டுக் கதவு திறந்தது. நஞ்சப்பன் வந்து நின்றார். கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. இந்தக் குளத்தை மூட வேண்டும் என்று மனு எழுதியவர் அவர்தான். தூங்குகிற கிழவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பியை விடாமல் படிப்படியாக இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியபோது அவர் பல் கிடுகிடுத்தது.

“எப்படிங்க புடிக்கோணும்?”

“கழுத்துக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கைங்க. இறுக்க வேண்டாம். சும்மா கீழ வெச்சிருந்தாப் போதும்.”

கை மாறியது. ராக்கியண்ணன் புரண்டு, செருமி, மறுபடியும் குறட்டைக்குள் போனார். நஞ்சப்பன் மூச்சுவிடாமல் நின்றார்.

“டாக்டர், போயிராதீங்க.”

“போகலீங்கண்ணா. இங்கயேதான் இருக்கறேன்.”

அவள் கரையேறி, வெயிலில் காய்ந்து கிடந்த ஓட்டுத் தரையில், ஈரத்துணியோடு அப்படியே சரிந்து படுத்தாள். கன்னத்தில் தரை சுட்டது, இதமாக இருந்தது.

“எத்தன நேரம்ங்க இப்படியே…” என்று நஞ்சப்பன் தொடங்கினார். சுவருக்கு மேலிருந்து மேகலா உதட்டில் விரலை வைத்து, தரையில் கிடந்த டாக்டரைச் சாடை காட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் காலைச் சற்று அகட்டி ஊன்றி நின்றார்.